‘யார்’ என்ற கட்டம்

பெனினா அவுவோருக்குக் கையெழுத்து அழகு. அவள் வாழ்க்கையில் நடந்த நல்லதிலும் கெட்டதிலும் பாதி அந்தக் கையெழுத்தால் வந்தது.

ரகுவே என்ற ஏரிக்கரை ஊரில் நாற்பத்தொரு படகுகள். படகுக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். மீனை வாங்கிப் புகை போட்டு விற்பவர்கள் எல்லாரும் பெண்கள். கரைக் கமிட்டியில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தே தீர வேண்டும் என்று ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தலைவர் ரபூகி பெரியவர், எடைக் கொட்டகையில் கூட்டத்தைக் கூட்டி, “எழுதத் தெரிஞ்ச பொம்பளை யாரும்மா?” என்று கேட்டார். பெனினா கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த இருவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து அவள் செயலாளர். சம்பளம் கிடையாது; ஒரு நோட்டும் மூடி தொலைந்த ஒரு பேனாவும் கொடுத்தார்கள்.

அவள் ஏரிக்கரையில் பிறந்தவள் அல்ல. மேட்டு நிலத்து அசேகோவில் பிறந்து, பத்தொன்பது வயதில் எலியாகிம் ஓலூச்சுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் மீனுக்கு வால் எது செவுள் எது என்று தெரியும், அவ்வளவுதான். புகையடுப்பில் கை சுட்டுச் சுட்டுத்தான் தொழில் கற்றாள். இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள், அப்பியோ, அடோங்கோ. இரண்டு பேரும் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

ஓலூச்சைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும். அவன் படகின் பக்கத்தில் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று பெயின்டால் எழுதி வைத்திருந்தான். அவனுக்கு மீன் சினை என்றால் உயிர். பெனினா எந்த மீனை அறுத்தாலும் சினையைத் தனியாக எடுத்து, ஒரு பச்சை எனாமல் கிண்ணத்தில் போட்டு வைப்பாள். அந்தக் கிண்ணத்தில் பிள்ளைகள்கூடக் கை வைக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் பட்டணத்தில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. ஏரி மூன்று நாட்டுக்கும் பொது. மீன் மட்டும் எந்த நாட்டுக்கும் வரி கட்டுவதில்லை. இந்தக் கரையில் முட்டை பொரித்து அந்தக் கரையில் போய்ப் பிடிபடும். ஆகவே மூன்று நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்றார்கள். கூட்டம் போடுகிறவர்களுக்குக் கூட்டம் போடுவதே ஒரு வேலை. நானும் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் நன்றாக இருக்கும், சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருக்கும், ஊருக்குத் திரும்பினால் ஒன்றும் மாறியிருக்காது.

ஆனால் இந்த முறை நடத்த வந்தவள் உகாண்டாக்காரி, நபிரியே என்று பெயர். குள்ளமான, சத்தமாகப் பேசுகிற பெண்மணி. “குறிக்கோள் வேற, இலக்கு வேற” என்று ஆரம்பித்தாள். “‘ஏரி நல்லா இருக்கணும், நம்ம பிள்ளைங்களுக்கும் மீன் கெடைக்கணும்’, இது குறிக்கோள். சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி, சொல்றதுக்கு ஒண்ணும் செலவில்ல. இலக்குன்னா அதுக்கு மூணு கட்டம் போடணும். எவ்வளவு? எப்பக்குள்ள? யார்? மூணுல ஒண்ணு காலியா இருந்தாலும் அது இலக்கு இல்ல, ஆசை.”

ரகுவேகாரர்கள் இரண்டு கட்டத்தைச் சுலபமாக நிரப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். முன்பெல்லாம் பெருமழை தொடங்கியதும் நிங்கு மீன் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறி முட்டையிடும். ஆற்று வாயில் வலையைக் குறுக்கே கட்டிக் கட்டி, சினையோடு அள்ளி அள்ளி, இருபது வருஷத்தில் அந்த மீனையே பழங்கதையாக்கிவிட்டார்கள். ஆகவே ஆற்று வாயிலிருந்து ஐந்நூறு தப்படி தூரம். ஏப்ரல் முதல் ஜூலை முடியும் வரை. அந்த இடத்தில் அந்த நான்கு மாதம் வலை இல்லை.

மூன்றாவது கட்டத்தில் வந்து நின்றது.

“எல்லாரும்னு எழுது” என்றார் ரபூகி பெரியவர். அதுவரை அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

“பெரியவரே, பதினேழு கரையில ‘எல்லாரும்’னு படிச்சிட்டேன்” என்றாள் நபிரியே. “ஒருத்தரும் செய்யல. எனக்குப் பேரு வேணும். யார் மொதல்ல வலையை அங்க போடாம நிறுத்துறது?”

வெளியே தேநீர்க் கோப்பைகள் சத்தம் கேட்டது. மார்க்கர் பேனா பெனினாவின் கையில் இருந்தது, எழுதுகிறவள் அவள்தானே. அவள் அழகான எழுத்தில் ‘எலியாகிம் ஓலூச்’ என்று எழுதினாள். எல்லாரும் கை தட்டினார்கள். தேநீருக்குப் போனார்கள்.

வீட்டில் அதைச் சொன்னபோது ஓலூச் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“என்னைக் கேட்காமலா என் பேரை எழுதின?”

“வேற யாரும் எழுதலியே.”

“நாப்பது பேரு இருக்கான் ஊர்ல. அவன் பொண்டாட்டி எவளாவது புருஷன் பேரைச் சுவத்துல எழுதி ஒட்டிட்டு வந்தாளா?”

“அவளுங்களுக்கு எழுத வராது.”

ஓலூச் சிரித்துவிட்டான். அவனுக்குக் கோபம் நிற்காது. “அசேகோக்காரியைக் கட்டாதேன்னு எங்கம்மா சொன்னா. கேட்டேனா?” என்றான். பிறகு, “உங்க கமிட்டி என் கிண்ணத்துக்குத்தான் குறி வைக்குது, தெரியும்டி எனக்கு.”

“சினையெல்லாம் ஆத்துல ஏறினா நாலு வருஷத்துல ஏரி நெறையும், அப்பியோ அப்பா.”

“நாலு வருஷமா? அதுவரைக்கும் வெறுங்கிண்ணத்தை நக்கிட்டு உக்காந்திருக்கவா?”

ஆனால் ஏப்ரல் பிறந்ததும் அவன் ஆற்று வாய்ப் பக்கம் போகவில்லை. அவன் ஒருவன் மட்டும் போகவில்லை. மற்ற நாற்பது படகும் அங்கேதான் வலை போட்டன. அவன் இரண்டு ஆட்களோடு, தீவுக்கு அந்தப்புறம், ஆழத்துக்குப் போனான். கரையில் கேலி செய்தார்கள். “செயலாளர் வீட்டுக்காரருக்குத் தனி ஏரி” என்றார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, பட்டப்பகலில், தீவுக்கு அப்பால் காற்று எழும்பியது. படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவர் மஞ்சள் பிளாஸ்டிக் கேனைப் பிடித்து மிதந்து தப்பினார்கள். ஓலூச் கேனை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டதாக ஒருவன் சொன்னான். அப்படியெல்லாம் இல்லை, அவன் கைக்கு அது எட்டவே இல்லை என்று இன்னொருவன் சொன்னான். பெனினா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது, ஓலூச்சுக்கும் தெரியாது.

ரகுவேயில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி ஒருவனை வைத்திருக்கும்போது யாரும் அதனிடம் மீன் கேட்கக் கூடாது. உடல் கிடைத்து மண்ணுக்குள் போகும் வரை வலை நனையாது. அன்று சாயங்காலமே வளைகுடாவின் ஐந்து கரைகளிலும் வலைகளைச் சுருட்டிக் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். எவரும் கூட்டம் போடவில்லை, எவரும் கையெழுத்துப் போடவில்லை. படகுகள் தேடுவதற்கு மட்டும் போயின.

சாதாரணமாக மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடல் மேலே வந்துவிடும். ஓலூச் வரவில்லை. ஐந்து, ஆறு, எட்டு என்று நாள் போயிற்று.

பெனினாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை, தொண்டை வலிக்கவில்லை, கண்ணும் வறண்டே இருந்தது. காலையில் எழுந்தாள், கஞ்சி வைத்தாள், குடித்தாள். பிள்ளைகள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர்களை மறுபடி விடுதிக்கு அனுப்பும்போது சோப்பு எடுத்தாயா என்று கேட்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் அவள் அழுவதற்காகக் காத்திருந்து பார்த்தார்கள். அழாத பெண்ணோடு சேர்ந்து அழுவது எப்படி? அவர்களுக்கு அது அவமானமாகக்கூட இருந்தது. “அழுதுடு, அழுதுடு பெனினா” என்று தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் உலுக்கிய பக்கமெல்லாம் ஆடினாள்.

அவளுக்குள் ஒரே ஒரு விஷயம் இருந்தது. பேரை எழுதியது நான். அதுகூட வலியாக இல்லை, ஒரு தகவலாக இருந்தது.

பத்தாம் நாள் கொழுந்தன் ஒகுட்டு வந்தான். உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

“அண்ணி, அண்ணன் வரமாட்டான்.”

“ம்.”

“யாகோ காயைப் புதைச்சிடலாம்.”

யாகோ மரத்தில் சுரைக்காய் மாதிரி முழங்கை நீளத்துக்குக் காய் தொங்கும், கல் கனம் கனக்கும். உடல் கிடைக்காதவனுக்குப் பதில் அந்தக் காயைத் துணி சுற்றிக் குழியில் வைத்து மூடுவார்கள். மூடினால் அவன் இறந்தவன். அவன் மனைவி ‘குழியின் மனைவி’. சடங்கெல்லாம் முடியும்வரை அவள் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, கரைக்குப் போகக் கூடாது, நாலு பேர் கூடும் இடத்தில் உட்காரக் கூடாது. காயைப் புதைக்கலாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். அதுவரை ஏரி பூட்டித்தான் கிடக்கும்.

“பார்ப்போம்” என்றாள் பெனினா.

“நாளைக்குப் பார்க்கலாம்னு அண்ணன்தான் சொல்வான்” என்றான் ஒகுட்டு. அவன் குரல் உடைந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் ஆற்றுத் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறினார்கள். பாம்பு என்று நினைத்திருக்கிறார்கள். பாம்பு இல்லை. கணுக்கால்களுக்கு நடுவே நிங்கு மீன்கள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன, நூறு, இருநூறு, எண்ண முடியவில்லை. வயிறு புடைத்த மீன்கள். முப்பது வயதுக்குட்பட்ட எவரும் அதைப் பார்த்ததில்லை. சிலர் தண்ணீருக்குள் நின்றபடியே அழுதார்களாம். யாரும் கை வைக்கவில்லை, ஓலூச் இன்னும் ஏரியில் இருந்தான்.

செய்தி எப்படியோ நபிரியேவுக்குப் போயிற்று. போன் செய்தாள். துக்கம் விசாரித்தாள்.

“நான் இதைக் கேக்கக் கூடாது, பெனினா. எனக்கே வெக்கமா இருக்கு. இன்னும் ஆறு வாரம் இப்படியே இருந்தா அத்தனையும் முட்டை போட்டுடும்.”

“ம்.”

“நான் கேக்கல. கேட்டேன்னு வெச்சுக்காதே.”

“சரி.”

பெனினா போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. ரகுவேயில் எல்லாப் புகையடுப்பும் அணைந்து கிடந்தன. வீட்டுக்கு வீடு களியும் கீரையும்தான், பிறகு களி மட்டும். சோள மாவைக் கடன் கேட்டு அண்டை வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயும் அதே முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இருபதாம் நாளுக்குப் பிறகு பேச்சு மாறியது. கூடவே புகை போடுகிற கான்சலட்டா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இவள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: “திட்டம் நடக்கணுமாம். அதுக்குச் செத்த புருஷனைக் காவலுக்கு நிறுத்தியிருக்கா.”

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். பெனினா, ஒருவேளை அப்படித்தானோ என்று நிதானமாக யோசித்துப் பார்த்தாள். ஓலூச் வருவான் என்று காத்திருக்கிறேனா? மீனுக்காகக் காத்திருக்கிறேனா? அல்லது குழியின் மனைவி ஆகப் பயமா? எதுவும் பிடிபடவில்லை. உள்ளே கை விட்டுத் துழாவினால் எதுவும் தட்டுப்படாத பானை மாதிரி இருந்தது.

மறுநாள் ரபூகி பெரியவர் தானே வந்தார். வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“அசேகோ மகளே, நான் உன்னை விரட்ட வரல. ஆனா அந்தக் கூட்டத்துல நான் தூங்கிட்டேன்னு நெனைச்சியா? பாதிதான் தூங்கினேன். மூணு கட்டம்னு சொன்னாளே அந்தக் குள்ளச்சி.”

“ஆமா.”

“எவ்வளவு நாளு காத்திருக்கப் போற? எந்தத் தேதிக்குள்ள சொல்லுவ? யாரு போய் உன் பிள்ளைங்களுக்குச் சொல்றது? மூணும் காலியா இருக்கேம்மா. காலியா இருந்தா அது என்னன்னு அவ சொன்னா?”

“ஆசை.”

“அவ்வளவுதான்” என்றார் பெரியவர். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் கண் வறண்டிருந்தது.

அவள் சொன்னாள். “சனிக்கிழமை புதைக்கலாம். பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கறேன். வியாழக்கிழமை கூட்டம் போடுங்க. நான் வரக்கூடிய கடைசிக் கூட்டம் அது.”

வியாழக்கிழமை எடைக் கொட்டகையில் நாற்பது படகுக்காரர்களும் வந்திருந்தார்கள். பேரம் பேசப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ‘ஆற்று வாயை மூடுங்கள், அப்புறம் காயைப் புதைக்கிறேன்’ என்பாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள். பெனினா எழுந்து நின்றாள்.

“சனிக்கிழமை புதைக்கறோம். அதுல மாத்தமில்ல. ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்க தொழிலுக்குப் போகலாம். நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி, பண்ணாட்டியும் சரி, சனிக்கிழமைதான்.”

தயார் செய்து வந்த பதிலெல்லாம் வீணாகப் போயிற்று. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பிப்ரவரியில எழுதின காகிதம் இது.” சுருட்டி வைத்திருந்ததை விரித்தாள். “யார்ங்கற கட்டத்துல ஒரே ஒரு பேரு இருக்கு. அதை அவரைக் கேக்காம நான் எழுதினேன். தப்பு. இனிமே நான் யார் பேரையும் எழுதமாட்டேன். அவங்கவங்க எழுதுங்க, எழுதாமலும் போங்க. ஆனா ‘எல்லாரும்’னு மட்டும் எழுதிடாதீங்க.”

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான், “ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு என்ன போடறது?” இன்னொருவன், “ஐந்நூறு தப்படிதானே, அதுக்கு அந்தப்பக்கம் ஏரி இல்லையா?” என்றான். “அதுக்கு அந்தப்பக்கம் போய்த்தான் ஓலூச் முழுகினான்” என்றான் முதலாமவன். பெனினா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ஒகுட்டுதான் முதலில் எழுந்தான். அவனுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. அண்ணன் பேருக்குக் கீழே, கோணல் மாணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பேரை எழுதினான். “நாலு படகா சேர்ந்து போவோம்” என்றான். “ஒத்தைப் படகா போனதாலதான் அப்படி ஆச்சு.” பிறகு அவன் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பிறகு வரிசை நின்றது. எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலில் அடுப்புக்கரியைத் தடவி அழுத்தினார்கள். இரண்டு பேர் எழுதாமலே வெளியே போனார்கள். பெனினா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஓலூச்சின் கோடு போட்ட சட்டையை யாகோ காய்க்குச் சுற்றினார்கள். நாலு ஆண்கள் சுமந்து வந்தார்கள், ஒருவனே தூக்கக்கூடிய கனம்தான். பிள்ளைகள் கதறினார்கள். மண் விழுந்தது. பெனினா நின்றாள். ஒரு கணம், சட்டைக்குள் இருப்பது காய் என்பது அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. “கல்லுப் பொம்பளை” என்று யாரோ சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஜூலை முடியும் வரை அவள் வேலியைத் தாண்டவில்லை. கரையில் நடந்தது காதில் விழும். எழுதாமல் போன இருவரில் ஒருவன் ஆற்று வாயில் வலை போட்டான். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அவன் மீனை வாங்கக் கான்சலட்டா மறுத்துவிட்டாள், அவளைப் பார்த்து மற்ற பெண்களும் மறுத்தார்கள். அவன் வலையைச் சுருட்டிக்கொண்டான். செயலாளர் நோட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். மழை நின்றது. பெனினா கஞ்சி வைத்தாள், குடித்தாள்.

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் ஒகுட்டு வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கையில் வாழை நாரில் கோத்த நிங்கு மீன் ஒன்று, நல்ல நீளம்.

“ஆத்து வாயில, அண்ணி! மொத வலையிலேயே! ஆத்துலேருந்து எறங்கி வருது, கூட்டம் கூட்டமா. அண்ணன் வீட்டுக்குத்தான் மொத மீனுன்னு பெரியவரு சொல்லிட்டாரு.”

“சமைக்கறேன். இருந்து சாப்பிட்டுப் போ.”

“இல்ல அண்ணி, அவனுங்க காத்துட்டு இருக்கானுங்க” என்று ஓடினான்.

பெனினா பலகையை எடுத்துப் போட்டாள். கத்தியைத் தீட்டினாள். செதில் சீவினாள். அலமாரியிலிருந்து பச்சைக் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. வயிற்றைக் கீறினாள், இரண்டு விரல் விட்டுச் சினையைத் தேடினாள்.

சினை இல்லை. வயிறு காலியாக இருந்தது. இந்த மீன் ஏறிப் போய், முட்டையெல்லாம் ஆற்றில் போட்டுவிட்டு, திரும்பி வந்த மீன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் எனாமல் பெயர்ந்த இடம் ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை கழுவியிருக்கிறாள், அது காலியாக இருந்து உற்றுப் பார்த்ததில்லை.

“அப்பியோ அப்பா, சினை இல்ல” என்றாள், சத்தமாக, உள்ளே இருக்கிறவனுக்குச் சொல்வது போல.

அப்போதுதான் வந்தது. முதலில் அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கான்சலட்டா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.